ஏழாம் மலைக்கு ஒரு ஆய்வுச்சுருக்கம்

என் வாழ்நாளில் ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்தது ஒரே ஒரு தடவைதான். அன்று நான் முந்திக்கொண்டு போனவர்களில் என் அண்ணியும் ஒருவர். யாரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அந்த மலைக்குப் போனேனோ, அவரையே தேயிலைக்கு நடுவில் விட்டுவிட்டு ஓடினேன். இதை வெளியூரில் சொல்லப் பல வருடங்கள் ஆயின. தோட்டத்தில் சொல்லத் தேவையே ஏற்படவில்லை. எல்லோரும் நேரில் பார்த்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்துகொண்டு, வெளிவாரிப் பட்டம் ஒன்றுக்கும் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து வரிசைவீடான லயத்தில், அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. அண்ணி கொழுந்து பறிப்பவர்.

அவர்கள் கொழுந்து பறிக்கும் ஏழாம் நம்பர் மலையில், ஒரு சவுக்கு மரத்தில், அண்டா அளவுக்குக் குளவிக்கூடு தொங்கியது. அதற்கு முந்தின வருடம் அண்ணியைக் குளவி கொட்டி, மூச்சு அடைத்து, முகம் நீலம் பாரித்துவிட்டது. தோட்டத்து மருந்தையா ஊசி போட்டு மீட்டார். "இன்னொரு தடவ கொட்டுச்சுன்னா என் ஊசி கேக்காதும்மா" என்று அப்போதே எச்சரித்திருந்தார். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அண்ணி இதைச் சொன்னபோது, மலையில் ஆட்களை மேய்க்கும் கண்டாக்கையா சிரித்தார்.

"குளவிக்கு நான் லீவு லெட்டரா குடுக்க முடியும்? திங்கக்கெழம ஏழாம் மலைதான். வாறவ வா, வராதவ வீட்ல கெட."

அன்று மாலை நான் அண்ணியிடம், "பயப்படாதீங்க அண்ணி, இதுக்கெல்லாம் ஆராய்ச்சி பண்ணி வச்சிருப்பாங்க" என்றேன். படித்தவன் வீட்டில் இருந்தால் இப்படியான ஆபத்துகள் வரும்.

சனிக்கிழமை கண்டிக்குப் பஸ் ஏறினேன். பல்கலைக்கழக நூலகத்தில் உசாத்துணைப் பகுதி என்று ஒரு மேசை உண்டு. கேள்வியைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால், அங்கிருக்கும் நூலகர் கணினியில் இறுவட்டைப் போட்டு, உலகத்து விவசாய ஆய்வுகளின் சுருக்கங்களைத் தேடித் தருவார். அன்றிருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. முதலில் குளவி என்று போட்டுத் தேடினார். இரண்டு வந்தன. இரண்டிலும் குளவிகள் புழுக்களைப் பிடித்து விவசாயிக்கு உதவிக்கொண்டிருந்தன. இதை ஏழாம் மலையில் வாசித்துக் காட்ட முடியாது.

"குளவிய விட்டிட்டு, கூடு, புகை, இந்த ரெண்டையும் போட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"போடலாம். ஆனா விரிச்சுத் தேடினா வேற பூச்சியளும் வரும் தம்பி."

வந்தன, இருபத்தேழு. பதினொன்றாவது எனக்கென்றே எழுதியதுபோல இருந்தது: பகல் வேளையில் அடர்ந்த புகை பிடித்தால் கூட்டிலுள்ளவை அடங்கிப்போகும், பிறகு கூட்டை அறுத்து எடுக்கலாம். ஏழே வரி. நடுவில் சாய்வெழுத்தில் ஒரு லத்தீன் பெயர் கிடந்தது. லத்தீன் எனக்குத் தெரியாது என்பதால் அது முக்கியமில்லாதது என்று முடிவு செய்தேன்.

"உது சுருக்கம் மட்டும்தான், கண்டீங்களோ. முழுக் கட்டுரைய கொழும்பில இருந்து எடுப்பிச்சுத் தரலாம், ஒரு மாசம் பிடிக்கும். அதுக்குள்ள ஒண்டும் செய்துபோடாதேங்கோ."

கட்டுரைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். சுருக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். நுவரெலியா வருவதற்குள் மனப்பாடம்.

திங்கள் காலை கண்டாக்கையாவிடம் அச்சிட்ட தாளைக் காட்டினேன். ஆங்கிலத்தைப் பார்த்ததும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. பெண்களைக் கீழே ரோட்டோரம் நிறுத்தச் சொன்னேன். ஊரே இல்லாத நேரத்தில் செய்திருக்கலாம். ஆனால் பார்க்க ஆள் வேண்டுமே. அண்ணி வர மறுத்தார். "இன்னைக்கு நீங்க வந்து நிக்கலேன்னா யாரு நம்புவா?" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

நீள மூங்கிலின் நுனியில் ஈரச்சாக்கைச் சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, கூட்டுக்கு நேராக நீட்டினேன். புகை அடர்த்தியாகவே இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஆய்வை மீறவில்லை.

முதலில் ஒரு இரைச்சல், லொறி மேடேறுவதுபோல. அடுத்த கணம் கூடு வெடித்ததுபோல எல்லாம் வெளியே வந்தன. புகைக்குள் நின்ற என்னைவிட, புகைக்கு வெளியே நின்றவர்களைத்தான் அவை தேடிப் போயின. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, செடிகளை மிதித்து, ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து ஓடினார்கள். கண்டாக்கையா தண்ணீர் ஓடும் கானுக்குள் குதித்து, சேற்றில் முகத்தைப் புதைத்தார். பிடரி முழுக்கக் குளவி. ஒரு பெண் தன் முகத்தைத் தானே அறைந்துகொண்டு ஓடினாள், இரு கையிலும் இரத்தம். நான் மூங்கிலை எறிந்தேன். அண்ணி முட்டி மடிந்து விழுவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் தாண்டினேன்.

அவரைத் தூக்கி வந்தவர்கள் இரண்டு கிழவர்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு.

கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அண்ணிக்குக் கண் இருந்த இடம் தெரியவில்லை. உதடு கையளவு வீங்கிப் பிளந்திருந்தது. தாதி கொட்டிய இடங்களுக்கு மருந்து தடவிக்கொண்டே எண்ணினார். நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார். என்னைக் கொட்டியவை மூன்று. அண்ணன் வேலைத்தலத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். கையில் தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு. முதல் அடியில் என் முன்கை எலும்பு முறிந்தது, இரண்டாவதில் காது கிழிந்தது. மூன்றாவதை வாசல்காவலர் வாங்கிக்கொண்டார். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்த ஏழு வரியும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

அண்ணி மூன்றாம் நாள் கண் திறந்தார். இடது காது மட்டும் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து முழுக் கட்டுரையின் போட்டோப் பிரதி தபாலில் வந்தது. இருபத்திரண்டு பக்கம். லத்தீன் பெயர் தேனீயுடையது. ஒன்பதாம் பக்கத்தில், குளவிகளுக்கு இந்த முறை ஆகாது, புகை அவற்றுக்குச் சினமூட்டும், ஆட்கள் எட்டவே நிற்கவேண்டும் என்று எழுதியிருந்தது.

இதை மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அண்ணி தபாலைப் பார்த்துவிட்டார். மாவுக்கட்டுக் கையால் பக்கத்தைப் புரட்டி, அவருடைய வலது காதுப்பக்கம் உட்கார்ந்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ஒன்றரை மாதமும் அவன் என்னோடு பேசவில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு அண்ணி, "இத எழுதினவர ஒரு தடவயாவது கொட்டியிருக்குமா தம்பி?" என்றார்.

கடைசிப் பக்கத்தில் தேடிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை என்றேன்.

"அதான பாத்தேன். வெவரமான ஆளு, எட்ட நின்னு எழுதியிருக்காரு."