உன்னிச்சைக் காட்டில் கூப்பிட்ட பெயர்

சண்டை முடிந்து, கண்ணிவெடிகளை அகற்றிய பிறகுதான் உன்னிச்சைக்கு மேற்கே இந்தக் காட்டுப்பாதையைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரமாக ஒரு மனித முகத்தையும் காணாமல் நடக்கிறேன். இடிந்த பழங்கோயிலின் கல்தூண்களுக்கிடையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தனியாக நிற்கிறாள்.

"தம்பி, கொஞ்சம் நிண்டிட்டுப் போறீங்களா? சண்டைக்குள்ள என்ட மனிசன் இஞ்சதான் தேனெடுக்க வந்தவர். திரும்பி வரல்ல. ஒருக்காக் கூப்பிட்டுப் பாக்கோணும். தனியக் கூப்பிடப் பயமாக் கிடக்கு."

"கூப்பிடுங்க அக்கா. நான் நிக்கிறன்."

"அவர்ர பேரை நான் ஒருநாளும் சொன்னதில்ல" என்று தயங்குகிறாள். பிறகு காட்டைப் பார்த்து, "தருமலிங்கம்!" என்று மூன்று தடவை கூப்பிடுகிறாள்.

பதில் இல்லை. வெகுநேரம் காத்து நிற்கிறோம்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உரத்துத்தானே கூப்பிட்டன், தம்பி?" என்று கேட்கிறாள்.

"ஓம் அக்கா. காடு முழுக்கக் கேட்டிருக்கும்."