வெந்நீர் அறையின் ஜன்னல்

குலசேகரன்பட்டினம் தாண்டி, கடலோரத்தில் கரண்ட் இல்லாத சின்ன விடுதி. ஆனாலும் குளியலறைச் சுவரில் கேஸ் ஹீட்டர் இருக்கிறது. குழாயைத் திறந்ததும் வெந்நீர் கொட்டுகிறது. தோழி தீபா துண்டோடு தயாராக நிற்கிறாள். எனக்குத்தான் உறுத்துகிறது. இருக்கிற ஒரே ஜன்னலையும் தார்ப்பாய் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

“கடக்காத்துல தீ அணைஞ்சி அணைஞ்சி போவுதும்மா. அடைச்ச பொறவு ஒரு தொந்தரவும் இல்ல,” என்கிறார் விடுதிக்காரர்.

“நீங்க இதுல குளிச்சிருக்கீங்களா அண்ணாச்சி?”

“எனக்குப் பச்சத் தண்ணிதான். நேத்து ஒருத்தர் குளிச்சாரு. தல சுத்துதுன்னு படுத்துட்டாரு. வெயில்ல அலைஞ்ச ஆளு.”

தீபாவைக் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறேன்.

“அது வெயில் இல்ல அண்ணாச்சி. கேஸ் எரிஞ்ச காத்து வெளிய போக வழியே இல்லயே. ஆளக் கொன்னுரும். ஹீட்டரை வெளிச்சுவர்ல மாட்டுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். “ஹீட்டர் விக்க வந்திருக்கியளோ?”

கேட்டுவிட்டு, சிலிண்டரை மூடி, ஸ்பானர் தேடிப் போகிறார். நாங்கள் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறோம்.