கில்ட்டுக்கு அளவெடுத்த நாள்

வேலையிடத்து அழைப்பைப் பற்றி என் கணவர் சொன்னது, பல்லுக்கொதி வந்ததைச் சொல்லுவது போலத்தான் இருந்தது. வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, கொம்பனிக்கு ஆண்டுவிழாவாம், ஆல்ஸ்டர் ஏரிக்கரையில் பெரிய ஹோட்டலில் மாலை விருந்தாம், ஆண்கள் எல்லாரும் கில்ட் உடுத்து வரவேண்டுமாம், மனைவிமாரும் வரட்டாம் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தார். தான் ஏலாது என்று சொல்லப்போவதாக முடிவையும் அவரே சொல்லிவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஹம்பேர்க்கில் அவர் வேலை செய்த இடம், ஸ்கொட்லாந்திலிருந்து விஸ்கியும் கம்பளிப் போர்வையும் பிஸ்கட்டும் கொண்டுவந்து விற்கிற சின்னக் கொம்பனி. முதலாளி ஸ்கொட்லாந்துக்காரர். சிவந்த முகம், பெரிய குரல், நல்ல மனம். விசேடம் என்றால் அந்த நாட்டு ஆண்கள் உடுக்கிற, கட்டம் போட்ட முழங்காலளவுப் பாவாடையை அவரும் உடுத்துக்கொண்டு நிற்பார். இவருக்கு அங்கே லாகரில், அதாவது களஞ்சியத்தில், பெட்டி அடுக்கும் வேலை. பெட்டிகள் கேள்வி கேட்பதில்லை. அதனாலேயே அந்த வேலை இவருக்குப் பிடித்திருந்தது.

இவர் முன்பு இப்படி இல்லை. எங்களுக்குக் கலியாணம் பேசி முடித்த நாளில், பந்தியில் இருந்தபடியே என் மாமாவின் தும்மலை அப்படியே தும்மிக் காட்டி, மாமாவையே விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவர். குசினிக்குள் நின்று அதைக் கேட்ட நான், இந்த ஆளோடு எந்த நரகத்திலும் குடித்தனம் நடத்தலாம் என்று நினைத்தேன். நரகம் காத்திருக்கவில்லை. கலியாணத்துக்கு நாள் பார்த்த மாதமே அவர்களுடைய ஊரை இராணுவம் சுற்றிவளைத்தது. இவரையும் இவருடைய தம்பியையும் கோயில் வீதிக்குக் கொண்டுபோனார்கள். தம்பியை ட்ரக்கில் ஏற்றினார்கள். இவரைப் பின்னேரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தம்பி அதற்குப் பிறகு வரவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ஒருவரையாவது காப்பாற்றவேண்டும் என்று இவரை ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். சில வருடங்கள் கழித்து நான் வந்து விமான நிலையத்தில் இறங்கியபோது, என் சூட்கேசை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் வேறு யாரோ.

அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். ஊரில் உள்ளவர்கள் கேட்டால் நான் கொடுத்துவைத்தவள் என்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் பேசியது நானும் தொலைக்காட்சியும் மட்டும்தான். எங்கள் ஆட்களின் கலியாணவீடு, சாமத்தியவீடு ஒன்றுக்கும் வரமாட்டார். போனால் யாராவது ஒருவர் இலையில் சோறு விழுமுன்பே தம்பியைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கேட்கவும் செய்வார்கள், எங்கள் சனத்துக்கு அந்த நாகரிகம் கிடையாது.

வெள்ளைக்காரரின் விருந்தில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. அதுதான் எனக்குக் கிடைத்த பிடி. அந்தத் தும்மல்காரர் இவருக்குள்ளே எங்கோ இருக்கிறார், நல்ல உடுப்பும் போட்டு ஆட்களுக்கு நடுவில் கொண்டுபோய் விட்டால் வெளியே வருவார் என்று நான் நினைத்தேன். நம்பிக்கை என்று அதைச் சொல்ல முடியாது. நம்பிக்கையெல்லாம் எப்போதோ போய்விட்டது. அது வெறும் பிடிவாதம். இந்த ஒரு மாலைக்கும் அவர் அசையாவிட்டால் இனி எதற்கும் அசையமாட்டார் என்று பயந்து பிடித்த பிடிவாதம்.

சண்டை பிடித்தேன். சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது அவருக்குத் தண்டனையா என்ன, அது என்னைத்தான் வருத்தியது. கடைசியில் ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றவர், சரி வாறன் என்றார். கல்லில் நார் உரித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மரக்கறி வாங்கப் போனால், கடைக்காரர், அண்ணை பாவாடை கட்டப்போறாராமே, அப்ப அக்கா காற்சட்டையோ என்று கேட்டுச் சிரித்தார். ஊரில் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு றோட்டளந்தவர்களுக்கு முழங்காலில் என்ன புதினம் என்று கேட்டுவிட்டு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு வந்தேன். வாயால் வெல்வது எனக்கு எப்போதும் சுகம். வாயால் வெல்ல முடியாதவற்றில்தான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

விருந்து உடுப்புகளை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையில் டெர்மின் எடுத்து நேரம் குறித்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை எஸ்-பான் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரி ஒரு ஜேர்மன் பெண்மணி, கழுத்தில் அளவு நாடாவை மாலைபோலப் போட்டிருந்தாள். கட்டம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குலத்துக்கு உரியது என்று விளக்கிவிட்டு, நீங்கள் எந்தக் குலம் என்று பகிடியாகக் கேட்டாள். எனக்குத் திக்கென்றது. எங்கள் ஆட்கள் இதை நேரே கேட்கமாட்டார்கள்; உங்கள் வீடு கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள். குலம் இல்லாதவர்களுக்கும் பொதுவான கட்டங்கள் இருக்கின்றன, பயப்படவேண்டாம் என்றாள் அவள். அந்த ஒரு விஷயத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் எங்களைவிடத் திருந்தியவர்கள்.

நான் சிவப்பை இழுத்தேன். அவர் அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, கருநீலமும் பச்சையும் கலந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பல வருடங்களில் இது வேண்டும் என்று அவர் விரல் நீட்டியது அன்றைக்குத்தான். வெள்ளிப் பொத்தான் வைத்த குட்டைக் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சேர்ட், கழுத்துக்கு வண்ணத்துப்பூச்சி மாதிரியான டை, முன்னால் சங்கிலியில் தொங்கும் உரோமப் பை, காலுக்கு, முழங்காலுக்குக் கீழே வரை நீளும் தடித்த கம்பளி மேஸ். வலது மேஸுக்குள் செருகுவதற்கு ஒரு சின்னக் கத்தியும் கொண்டுவந்தாள். அகதி விசாவோடு காலில் கத்தி வைத்துக்கொண்டு போனால் பொலிஸ் என்ன சொல்லும் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் அதை ஜேர்மனில் சொல்ல, அவள் சிரித்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள்.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் உடுத்துக்கொண்டு வந்தார். மெலிந்த ஆள்தான், ஆனால் அந்த உடுப்பு அவரைத் தூக்கி நிறுத்தியது. கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் அடுக்கடுக்காய் இருந்த மடிப்பைக் கையால் தடவினார்.

"கொய்யகத்தைப் பின்னாலை வைச்சிருக்கிறாங்கள்," என்றார். "உம்மடை சீலையைக் குடிவெறியிலை கட்டினமாதிரி."

நான் சிரித்தேன். அந்தப் பகிடிக்கு அவ்வளவு சிரிக்கத் தேவையில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவரும் வாயோரத்தில் சிரித்தார். வந்துவிட்டார், இதோ வந்துவிட்டார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். விருந்துக்கு எந்தச் சீலை கட்டுவது என்றுகூட அந்த நேரத்தில் நினைத்துவிட்டேன்.

கில்ட்டின் நீளத்தைச் சரிபார்க்க ஒரு முறை இருக்கிறது. உடுத்தவர் தரையில் முழங்காலில் நிற்கவேண்டும். விளிம்பு தரையை மட்டுமட்டாகத் தொட்டால் அளவு சரி. நின்றபடி பார்த்தால் பிழைத்துவிடுமாம். கடைக்காரி வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, தரையைக் காட்டி, முழங்காலில் நிற்கும்படி சொன்னாள். அவர் உடனே நின்றார். நின்றதும் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்து, பிடரியில் போய்க் கோத்துக்கொண்டன.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை தேவையில்லை என்றாள் பணிவாக. அவர் கையை எடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முதலில் வந்தது வெட்கம், உண்மையைச் சொன்னால். பிறகு கோபம். எவ்வளவு பாடுபட்டு இதுவரை இழுத்துக்கொண்டு வந்தேன், இந்தக் கடையில்தானா இது நடக்கவேண்டும் என்று ஒரு கோபம். அவள் அவசரமாக விளிம்பைப் பார்த்து, அளவு சரி, போதும் என்றாள். நான் குனிந்து அவருடைய தோளைத் தொட்டேன்.

"எழும்புங்கோ," என்றேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். இன்னொரு தரம் சொன்னேன். வெள்ளிப் பொத்தான்கள் அவருடைய கோட்டில் மினுங்கி மினுங்கி நடுங்கின. கடைக்காரி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, டொக்டரைக் கூப்பிடவா என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானும் அவருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் வாசல் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்ல பெண். வெகுநேரத்துக்குப் பிறகு அவர் கைகளை இறக்கி, கதிரையைப் பிடித்துக்கொண்டு தானாகவே நிமிர்ந்தார். உடுப்பு மாற்றி, கில்ட்டை ஒழுங்காக மடித்து மேசையில் வைத்தார்.

திரும்பி வரும்போது எஸ்-பானில் எங்களுக்கு எதிரே யாரும் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் அவர் பேசத் தொடங்கினார். கோயில் வீதியில் எல்லாரையும் முழங்காலில் வைத்துவிட்டு, முகமூடி போட்ட ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். அவன் தலையாட்டினால், அந்த ஆளைத் தமிழில் எழும்பு என்பார்களாம். எழும்பியவர்களை ட்ரக்கில் ஏற்றினார்களாம்.

"தம்பியைச் சொன்னவங்கள். அவன் எழும்பேல்லை. என்ரை சேட்டைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவன்." தன் சேர்ட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எழும்பாட்டில் அதிலையே அடிச்சுக் கொல்லுவாங்கள் எண்டு பயந்துபோனன். நான்தான் அவனை எழும்பு எண்டனான். நான் சொன்னாப்பிறகுதான் எழும்பினவன்."

நான் வாயாடி. உங்கள் பிழை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதை எத்தனை தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருப்பார். இறங்கவேண்டிய இடம் வந்தது, இறங்கினோம்.

அன்று மாலையே முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னேன், இவருக்கு முழங்காலில் வருத்தம் என்று. அந்த மனிதர் கில்ட் வேண்டாம், சாதாரணக் காற்சட்டையோடு வரட்டும், வந்தால் போதும் என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு இவரிடம் அதைச் சொன்னேன். நீர் வேணுமெண்டால் போயிட்டு வாரும் என்றார். நாங்கள் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் முதலாளி எங்களைக் கேட்கவும் இல்லை. சங்கடப்படுத்தவேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அளவெடுத்த நாளுக்கு மறுநாள் ஞாயிறு, ஆனால் இவருக்கு லாகரில் அரைநாள் வேலை இருந்தது. நான் வழமைபோலத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அறைக்குள் போனேன். நான் ஜேர்மனிக்கு வந்த நாள் தொடக்கம் விடியலில் அவரிடம் சொல்லும் முதல் சொல் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் எல்லாப் பெண்சாதிமாரும் சொல்லுகிற சொல். நித்திரை விட்டு எழும்புவதற்கும் நிலத்திலிருந்து எழும்புவதற்கும் எங்களிடம் ஒரே சொல்தான். கோப்பையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று வேறு ஒரு சொல்லைத் தேடினேன். கட்டிலில் அவர் கண்களைத் திறந்தபடி, நான் அதைச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தார்.