தங்கையை அழைத்த எண்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. அதை நடத்துகிறவரை எல்லோரும் "ஹலோ அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க அவர் அதிகம் சொல்கிற சொல் அதுதான்.

போனைப் பிரித்து மைக்கை மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாது. மறுமுனையில் ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும். அதற்காக வாடிக்கையாளரின் போனில் இருந்தே தன் தங்கையைக் கூப்பிடுவார்.

"ஹலோ, கேக்குதா?"

"கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. யாரு போனுண்ணா இது?"

"யாரோ ஒரு வாத்தியாரோடது. கரகரன்னு இருக்கா?"

"அது உன் தொண்டை. போனக் குத்தம் சொல்லாத."

சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அவள் கல்யாணமாகி நகரத்தின் மறுகோடிக்குப் போன பிறகு, அவள் குரலைக் கேட்க அவருக்கு இது ஒரு சாக்கு. பக்கத்து மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டும் பார்த்திருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை.

அவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முட்டி மோதிப் படித்து அரசு மருத்துவமனைத் தேர்வில் தேறிவிட்டாள். கூடத் தேறியவர்கள் வேலையில் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கிவிட்டார்கள். இவளுக்கு மட்டும் உத்தரவு வரவில்லை. கேட்டால், பாதுகாப்பு விசாரணையில் நிற்கிறது என்றார்கள்.

"ஊசி குத்துறதத் தவிர நான் யாருக்கு என்னண்ணா கெடுதல் பண்ணேன்?" என்றாள்.

"ஏதோ ஆள் மாறிப் போயிருக்கும். வா, நான் பேசுறேன்" என்று அண்ணன் மார்தட்டிக்கொண்டு கூடப் போனார்.

விசாரணை அலுவலகத்தில் இருந்த அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். நடுவில் தங்கையின் எண். அதைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி எங்கெங்கோ ஓடும் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு எண்.

"இத்தனை பேரு உங்களக் கூப்பிட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிடுறாங்க. திரும்பக் கூப்பிடுறதே இல்ல. இதுல சிவப்பா இருக்கிறவங்க, போன வருஷம் தண்ணிக்காக ரோட்ட மறிச்சவங்க. நீங்கதான் இவங்களுக்குள்ள தகவல் கடத்தி விடுற ஆளுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. இவங்கள்லாம் யாரும்மா?"

"எனக்கு ஒருத்தரையும் தெரியாது சார்."

அண்ணனுக்குத்தான் தெரிந்தது.

"சார், அதெல்லாம் நான் கூப்பிட்டது. ரிப்பேர் பண்ணிட்டு, கேக்குதான்னு பாப்பேன். அவங்க என் கஸ்டமருங்க."

"சிவப்பா இருக்கிறவங்களுமா?"

"போன் உடைஞ்சா எல்லாரும்தான் சார் வருவாங்க."

அதிகாரி சிரித்தேவிட்டார். நல்ல மனிதர்தான். "எனக்குப் புரியுதுங்க. நீங்க சொல்றத எழுதி மேல அனுப்புறேன். ஆனா ஒருத்தர இதுல சேக்குறதுக்குத்தான் எனக்கு வழி இருக்கு, எடுக்குறதுக்கு இல்ல. இன்னொண்ணு, உங்க நம்பரையும் நான் சேத்தாகணும். நீங்களே சம்பந்தம்னு சொல்லிட்டீங்களே."

வெளியே வந்து பேருந்துக்கு நின்றார்கள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பாப்பா, நான் வேணும்னு..."

"தெரியும்ண்ணா. நானும் எடுக்காம இருந்திருக்கலாம். நீ கூப்பிட்டா சந்தோஷமா இருந்துச்சு, எடுத்தேன்."

மேலே அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. மனு மேல் மனு போட்டும் வரவில்லை. கொஞ்ச நாளில் அவள் எண்ணை மாற்றிவிட்டாள்.

"கோச்சுக்காதண்ணா. புது நம்பர உனக்குத் தர வேணாம்னு வீட்டுக்காரரு சொல்றாரு. எனக்கும் பயமா இருக்கு. நேர்ல வா."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், தான் போகும் இடமும் அந்தத் திரையில் ஒரு கோடாகிவிடக் கூடாது என்று போனைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு பேருந்து மாறி அவள் வீட்டுக்குப் போகிறார். போன தடவை போனபோது அவள் இரவு வேலை முடித்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எழுப்பட்டுமா என்று கேட்டார். "வேணாம் மாப்ள, தூங்கட்டும்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தார்.

அரசு வேலையில் சேர அவளுக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. அது இருவருக்கும் தெரியும்.