ஊறல் தொட்டியின் வாடை

எனக்கு வாய் நீளம். அதைவிட மூக்கு நீளம் என்று டேனரியில் சொல்வார்கள்.

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் பெயர்ப்பலகைகூட இல்லாத சின்ன டேனரி அது. ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடுவோம். சாயம் பூசிக் குறையை மறைக்கிற வேலை கிடையாது. தோல் கெட்டிருந்தால் கடைசியில் பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். அதனால் முதல் தொட்டிதான் எல்லாம். உப்புத்தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அழுகல் வாடை லேசாகக் கிளம்பும்போதே எடுத்துச் சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். கடிகாரம் பார்த்துச் செய்ய முடியாது. வெயில் ஏறினால் கணக்கே மாறிவிடும். தினமும் காலையில் நான் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி மோந்து பார்த்து, 'இருக்கட்டும்' என்பேன், இல்லை 'எடு' என்பேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

கொரோனா வந்து போனபோது என் மூக்கையும் கொண்டு போய்விட்டது. காபி, சாம்பிராணி, பினாயில், எதுவும் தெரியவில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன். டேனரியில் சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பயம். தண்ணீரின் நிறத்தையும் தோலின் வழவழப்பையும் வைத்துச் சமாளித்தேன். தினமும் குனிந்து மோந்து பார்ப்பதுபோல நடித்தேன். சே, என்ன பிழைப்பு!

ஊறல் தொட்டியைப் பார்த்துக்கொண்டவன் என் கூட்டாளி. வருஷக்கணக்கில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள். சித்திரை வெயிலில் ஒரு காலை, அவன் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மச்சான், லைட்டா வாடை வருதுடா. எடுத்துடலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. பயந்தவனுக்குத்தான் கோபம் முதலில் வரும். "யாருக்கு இன்னா சொல்லித் தர்ற? என் மூக்குக்குத் தெரியாதா? மூடிகினு வேலையப் பாரு" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். மறுநாள்தான் எடுக்கச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துப் பட்டைத் தொட்டியிலிருந்து வெளியே வந்த தோல்கள் அத்தனையிலும் அம்மைத் தழும்புபோலக் குழிகள். முதலாளி என்னைக் கேட்டார். "ஊறப்போட்டவன் தண்ணிய மாத்தல சார்" என்றேன். பச்சைப் பொய். அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். அன்றே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் கழிவுநீர் லாரி நின்றிருந்தது. ஓட்டுகிறவன் அவன். "இன்னா மச்சான், நல்லா கீறியா?" என்று அவனே கூப்பிட்டான். குழாய் மூட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைக்குட்டையையும் துப்பட்டாவையும் முகத்தில் அழுத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று அவன் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அவன் பேச்சை நிறுத்தினான். ஒழுகிய இடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உனுக்கு வாடையே தெரியல, இல்ல?"

"தெரியலடா."

"அன்னிக்குமா?"

"அன்னிக்கும்."

கையுறையைக் கழற்றினான்.

"லூசுடா நீ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தெனமும் உனுக்குப் பதிலா நான் மோந்து சொல்லியிருப்பேனேடா."