காதுக்காரருக்குக் கேட்காத சத்தம்

தெருவில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் வைத்திருந்தார். அதில் ஒரு கார் முழுசாக நிற்கலாம், இன்னொன்று பாதி நிற்கலாம். வண்டி வந்தால் இன்ஜினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்பார். பிறகு நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் அங்கங்கே வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, "பம்ப் பேரிங்" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்த வித்தை இல்லை. லாரி ஷெட் ஒன்றில் பாகங்களைக் கழுவிக்கொடுக்கப் போனவர், கழுவிய பாகம் ஒவ்வொன்றும் எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டவர்.

ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல். அந்தப் பக்கம் அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். பகலில் இருவர் பேச்சும் அந்த ஜன்னல் வழியாகத்தான், சண்டை உட்பட.

கொஞ்ச காலமாக அந்தப் பேச்சின் போக்கு மாறியிருந்தது. "குக்கர் விசில் விட்டுடுச்சு, நானே அணைச்சுட்டேன்" என்பாள். "பாக்கெட்ல போன் அடிக்குது பாருங்க" என்பாள். அவர் "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்பார். கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இன்ஜினின் உறுமலும் மனிதர் பேச்சும் பழையபடியே கேட்டன. மெல்லிசாக, உச்சியில் ஓடுகிற சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக அவரிடம் வருவதை நிறுத்திக்கொண்டன. காது போன காதுக்காரரிடம் யார் வண்டியை விடுவார்கள்? அந்தக் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவளும் கேட்க விட்டதில்லை.

ஒருநாள் காலை அவருடைய தங்கை காரோடு வந்தாள். அவள் மகளைவிட மூத்த கார் அது. போன மாதம்தான் அதன் ஆல்டர்னேட்டரை, அதாவது பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் பாகத்தை, காதுக்காரரே கழற்றிச் சரிசெய்து மாட்டிக்கொடுத்திருந்தார்.

"அண்ணே, வண்டி கத்துது."

"எங்க, ஓட விடு பார்ப்போம்."

ஓடவிட்டாள். அவர் தலையைச் சாய்த்தார். எதிர்வீட்டு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து உள்ளே போய்விட்டது.

"நல்லாத்தானே ஓடுது. உன் காதைப் போய்க் காட்டு."

தங்கை அவரையே பார்த்தாள். "விளையாடாதண்ணே. தெருமுனை திரும்புறதுக்குள்ள எல்லா வீட்டு ஜன்னலும் திறக்குது. உன் மாப்பிள்ளை பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுறார். மச்சான்கிட்ட போய் சத்தம் வருதுன்னு சொல்றதுக்கு நான் நடந்தே ஆபீஸ் போயிடுவேங்கிறார்."

"எப்பலேர்ந்து?"

"நீ மாட்டிக்கொடுத்த அன்னைலேர்ந்து."

இன்ஜினை அணைத்தாள். தையல் மெஷினும் நின்றிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அன்னைக்கே?"

"வாசலைத் தாண்டும்போதே."

"ஏன் சொல்லல?"

அவள் ஊசியில் கோத்திருந்த நூலை உருவி மறுபடி கோத்தாள். "நீங்க நல்லாயிருக்குன்னு தலையாட்டி அனுப்பினீங்க. எப்படிச் சொல்றது."

அவர் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். தங்கைக்குச் சங்கடமாகிவிட்டது. "என் வாய் சும்மா இருக்காதுண்ணே" என்றாள்.

"உன் வாய் ஒண்ணாவது இருக்கே." எழுந்து ஜன்னலைப் பார்த்தார். "நீ வெளிய வா. கத்தினா கையைத் தூக்கு, நின்னா இறக்கு. என் மூஞ்சியைப் பார்க்காத."

கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். "டிராஃபிக் போலீஸ் வேலையா? சம்பளம் உண்டா?"

"கிடையாது."

"இத்தனை வருஷம் பார்த்த வேலைக்குத்தான் கொட்டிக் கொடுத்துட்டீங்க" என்றாள். தங்கை ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இன்ஜின் ஓடியது. மனைவியின் கை எழுந்தது. "ஹெட்லைட்டைப் போடு" என்றார். போட்டதும் கை தலைக்கு மேல் போனது. லைட்டுக்குக் கரண்ட் தருவது ஆல்டர்னேட்டர், அதைச் சுற்றுவது பெல்ட். சுமை கூடினால் சத்தமும் கூடுகிறது என்றால் கத்துவது பெல்ட்தான். அவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, பெல்ட்டின் உட்புறத்தில் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்தார். மனைவியின் கை சட்டென்று இறங்கியது. ஈரம் காயக் காய மெதுவாக மேலே ஏறியது.

"தண்ணி பட்டதும் கூடுதலா கத்தினா பெல்ட் தொளதொளன்னு இருக்கு. அடங்கிட்டுத் திரும்ப வந்தா பெல்ட் ஓடுற ஏதோ ஒரு சக்கரம் வரிசையில இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

இன்ஜினை அணைக்கச் சொல்லி, கீழ்ச் சக்கரத்திலிருந்து ஆல்டர்னேட்டர் சக்கரம் வரைக்கும் ஓர் இரும்பு ஸ்கேலைச் சாய்த்து வைத்தார். மேலே நகம் நுழைகிற அளவு இடைவெளி. போன மாதம் மாட்டும்போது ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் போகவேண்டிய ஒரு தடித்த வாஷரை விட்டிருக்கிறார். தேடினார். பாகங்களை ஊறவைக்கும் தட்டில், இத்தனை நாளும் மண்ணெண்ணெயில் குளித்துக்கொண்டு அது கிடந்தது. காது நன்றாக இருந்த நாளாக இருந்தால் வண்டி வாசலைத் தாண்டுமுன் அந்தக் கீச்சு கேட்டிருக்கும், நிறுத்தியிருப்பார். எடுத்துத் துடைத்து மாட்டினார்.

"இப்ப ஓட விடு."

மனைவியின் கை லேசாக அசைந்தது. உடனே அந்தக் கையால் நாடாவைப் பிடித்துக்கொண்டாள். "நின்னுடுச்சுங்க. சுத்தமா இல்ல."

"கை எழுந்துச்சே."

"நாடா நழுவுச்சு."

அவர் இன்ஜினை அணைக்கச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "லேசா இருந்தா லேசா இருக்குன்னு சொல்லு. என் மனசு நோகும்னு நீ மறைச்சா, அடுத்த வண்டிக்கு நான் எதை நம்புறது? காது போச்சுன்னு ஷெட்டை மூட மாட்டேன். நீ சொல்றதை நம்ப முடியலைன்னாதான் மூடணும்."

காது போச்சு என்று அவர் வாயால் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. நாடாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இருக்கு" என்றாள். "ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கீச்சு. அப்புறம் இல்ல."

"அப்படிச் சொல்லு."

பெல்ட்டைக் கழற்றிப் புரட்டினார். கோணலாக ஓடி ஓடி அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்துப்போயிருந்தன. அது இனிச் சக்கரத்தைப் பிடிக்காது. புதுசு மாட்டி, நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இறுக்கினார். தங்கை ஓடவிட்டாள், லைட்டைப் போட்டாள், அணைத்து மறுபடி ஓடவிட்டாள். மனைவி கண்ணை மூடி நின்று, தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக் கேட்டாள்.

"இல்ல."

"சரி" என்று பானெட்டை மூடினார்.

தங்கை போகும்போது, "அண்ணி, உங்க சம்பள விஷயமா நான் அண்ணன்கிட்ட பேசுறேன்" என்றாள்.

மதியத்துக்கு மேல் புது ஆள் ஒருவர் வேன் கொண்டுவந்து நிறுத்தினார். "என்னமோ சத்தம் வருதுங்க. காதை வச்சே கண்டுபிடிச்சுடுவீங்கன்னு சொன்னாங்க."

காதுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தடதடன்னு வருதா, கீச்சுன்னு வருதா? தடதடன்னா நான் பார்ப்பேன். கீச்சுன்னா வீட்டுக்காரம்மா. எனக்கு அது கேக்காது."

வந்தவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் வருதே."

ஜன்னலுக்கு உள்ளிருந்து குரல் வந்தது. "இந்தக் காலரை மட்டும் தச்சுட்டு வர்றேன், ஓட விட்டு வைங்க."