பச்சை வண்டியின் முதுகில் ஒரு பெயர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் நன்கொடை கேட்கும் உத்தியோகம் பார்த்தேன். நடக்க முடியாதவர்களுக்குக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் வாங்கித் தரும் சின்ன அமைப்பு. போத்தனூரில் ஒற்றை அறை ஆபீஸ். என் தலையைக் கண்டாலே சில முதலாளிகள் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்பார்கள். அதையே நான் தொழிலாக்கிக்கொண்டேன். எழவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பேன், வாயே திறக்க மாட்டேன். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்காருவேன். ஆறு மாதம் பழகிய பிறகுதான் கேட்பேன். ஆனாலும் பாதிப் பேர் "பாக்கலாம் போங்க" என்பார்கள். எங்கள் ஊரில் இல்லை என்பதை அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள்.

ஒருநாள் கோயிலில் ஒரு டியூப் லைட்டைப் பார்த்தேன். வெளிச்சம் வெளியே வர வழியில்லாத அளவுக்கு அதில் 'உபயம்' என்று பெயர் எழுதியிருந்தது. அடடா, இது நமக்குத் தோன்றவில்லையே என்று குதித்தேன். கணபதி ஏரியாவில் பம்ப் செட் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் ஓடினேன். "வண்டிக்குப் பின்னால உங்க பேரைப் பெருசா எழுதிப்போடறனுங்க" என்றேன். உடனே ஒரு வண்டி தந்தார். அதன் போட்டோவைக் காட்டினால் இன்னும் பத்து தருவதாகவும் சொன்னார்.

அந்தப் பச்சை வண்டி சோமனூரில் ஒரு பெண்ணுக்குப் போயிற்று. இருபத்தைந்து வயதிருக்கும். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போனவர். விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை. அதுவரை அண்ணன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனவர், இப்போது தானே போய் வந்தார்.

ஒரு மாதம் கழித்துக் கேமராவோடு போனேன். வண்டியின் முதுகில் பழைய சேலை ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். பெயர் தெரியவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இது என்னங்க, இப்படி மூடி வெச்சிருக்கறீங்க?"

அவர் தலை நிமிராமல் சொன்னார்: "எந்தத் தெருவுல போனாலும் பம்ப் செட்டுக்காரரு வண்டி வருதுங்கறாங்க. இப்ப என்னையே பம்ப் செட்டுன்னு கூப்புடறாங்க. எனக்குன்னு ஒரு பேரு இருக்குதுங்களேண்ணா."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுங்க. இந்தப் படத்தைக் காட்டுனாத்தான் இன்னும் பத்து வண்டி வருமுங்க" என்றேன். சொன்னது மட்டுமில்லை, என் கையாலேயே சேலையை அவிழ்த்தேன். வண்டியைத் திருப்பி, அவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தேன். அதற்குப் பிறகும் அவர், "டீ குடிச்சுப்போட்டுப் போங்கண்ணா" என்றார். குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பட்டறைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். பெயர் பளிச்சென்று விழுந்திருந்தது. அந்தப் பெண் பாதி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார்.

"ஏனுங்க, அம்மணி மூஞ்சியத் திருப்பிக்குது?"

"வெயிலுங்க. கண்ணு கூசுது" என்றேன். பத்து வண்டிக்கும் தலையாட்டினார். காபி வந்தது. குடித்துவிட்டுக் கேட் வரைக்கும் வந்துவிட்டேன். பத்துப் பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மாட்டுப் பல் உட்பட.

அவர் முகம் சிவந்தது. "பேரு போடச் சொல்லி நானா கேட்டனுங்க? நீங்கதான எழுதறேன்னீங்க! வேண்டாம்னு சொல்ல மனசு வல்ல, அது என்ற தப்புத்தானுங்க. அதுக்காக ஒரு பொட்டப்புள்ளைய அழ வெப்பீங்களா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். பத்து வண்டியும் போச்சு என்றுதான் பஸ் ஏறினேன்.

ஒரு வாரத்தில் பத்து வண்டியும் வந்து இறங்கின. எதிலும் பெயர் எழுதக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதன் பிறகு என்னோடு முன்போல அவர் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பச்சைப் பெயிண்டும் பிரஷும் வாங்கிக்கொண்டு சோமனூர் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, எனக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. எங்கள் லிஸ்டில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஆறு மாதம் பழகாமல் ஒரு முதலாளியிடமும் வாய் திறக்காதவன், வண்டி வாங்கியவரிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. பாதி வழியில் இறங்கி, ஆபீசுக்குத் திரும்பிப் படித்துவிட்டு மறுபடி பஸ் ஏறினேன்.

வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து "வாரனுங்க" என்று குரல் வந்தது. என்னைப் பார்த்ததும் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார். "அன்னிக்குப் பேசுனது தப்புங்க" என்றேன். "அட, உடுங்கண்ணா. அந்தப் பத்து வண்டி என்னாச்சுங்க?" என்றுதான் முதலில் கேட்டார். வந்துவிட்டது என்றதும் அவரே சேலையை அவிழ்த்தார். நான் தரையில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பெயிண்ட் அடித்து மறைத்தேன்.

அவர் பெயரை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை. இங்கே எழுதவும் இல்லை. அவரைக் கேட்காமல் ஒருமுறை ஒரு பெயரை எழுதியது போதும்.